பாதி இனிப்பு, ஐஸ் கம்மி

பிப்ரவரி 9

மிளகின் அம்மாவுக்கு,

நலமா என்று ஆரம்பித்தால், 'நலம் விசாரிக்கத்தான் பேப்பர் வாங்கினீர்களா' என்று கேட்பாய். நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் நாலாவது பேச்சிலேயே நமக்குள் பற்றிக்கொள்கிறது, எதுவானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்று குடும்ப கோர்ட் ஆலோசகர் அம்மா சொன்னது நல்ல யோசனைதான். எழுதும்போது குறுக்கே பேச ஆளில்லை.

நம் பெண் என்னோடு பேசுவதில்லை.

கோபம் என்றால் எனக்குப் புரியும். உன்னோடு வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தியவன், கோபம் எனக்குப் புதிதில்லை. இது கோபமில்லை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமை காலையில் ரயிலிலிருந்து இறங்குகிறாள். பையைக் கேட்டால் "வெயிட் இல்லப்பா" என்கிறாள். வீட்டுக்கு வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்கிறாள். என்ன சாப்பிடுகிறாய் என்றால் "எதுனாலும்." எங்கே போகலாம் என்றால் "எங்கன்னாலும்." பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது என்றால் ஒரு தலையாட்டல். அவளுக்கு மிளகு என்று பெயர் வைத்ததே நீதான்; சின்னதாக இருந்தாலும் காரம் என்று. இப்போது காரமும் இல்லை, வாசனையும் இல்லை.

என் வேலை உனக்குத் தெரியும். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களோடு கதவுக்கு வெளியே நின்று பேசிப் பழகியவன். "பயப்படாதீங்க, இதோ திறந்துடறேன்" என்றால் உள்ளேயிருந்து ஒரு குரலாவது வரும். சிலர் திட்டுவார்கள், சிலர் அழுவார்கள். இவளிடமிருந்து அதுவும் இல்லை.

ஆனால் நேற்று சாயங்காலம் ஒரு அதிசயம். ரயிலுக்குக் காத்திருந்தபோது பிளாட்ஃபாரத்துக் கடையில் ஒரு பபிள் டீ வாங்கிக் கொடுத்தேன். அந்தக் குண்டு ஸ்ட்ராவால் ஒரு இழு இழுத்துவிட்டு மூஞ்சியைச் சுளித்தாள். "உங்க ஊர்ல நல்ல பபிள் டீ கடை ஒண்ணுகூட இல்லையாப்பா?" என்றாள். முழு வாக்கியம்! கேள்வி வேறு! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அடுத்த வாட்டி வா, காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன். ரயில் போன பிறகுதான் தோன்றியது, அதில் எது நல்லது, எது கெட்டது என்று எனக்கு ஒரு எழவும் தெரியாது.

மீதியை நானே குடித்துப் பார்த்தேன். குளிர்ந்த டீயில் பசை உருண்டைகளைப் போட்ட மாதிரி இருந்தது. அதுதான் அதன் ருசியா, அல்லது அந்தக் கடையின் லட்சணமா? உனக்குத் தெரிந்திருக்கும். எழுது.

மிளகின் அப்பா

*

பிப்ரவரி 14

மிளகின் அப்பாவுக்கு,

ஊரில் ஒரு பெண்ணைப் பெற்றவர்கள் ஜுரம், படிப்பு, பல்வலி என்று எழுதுவார்கள். நீங்கள் பபிள் டீ கேட்டு எழுதியிருக்கிறீர்கள். சரி. கேட்டதற்குப் பதில்.

அந்த உருண்டை மரவள்ளி மாவில் செய்வது. முத்து என்பார்கள். வெந்த கொஞ்ச நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வெளியே வழவழப்பாகவும் கடித்தால் மெத்தென்றும் இருந்தால் நல்ல கடை. நடுவில் சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெள்ளையாக இருந்தால் வேகவில்லை. ரப்பர் மாதிரி இருந்தால் காலையில் வேகவைத்தது. டீயை டீத்தூள் போட்டுக் காய்ச்சுகிறார்களா, டப்பாவிலிருந்து மாவைக் கொட்டிக் கலக்குகிறார்களா என்று எட்டிப் பாருங்கள். அவளுக்குப் பாதி இனிப்பு, ஐஸ் கம்மி. இதைக் கடையில் முதலிலேயே சொல்ல வேண்டும், கலக்கிய பிறகு சொன்னால் முறைப்பார்கள்.

இங்கே எங்கள் தெரு முனையில் ஒரு கடை இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் அங்கேதான் மொய்ப்பார்கள். நான் டயாலிசிஸ் வார்டிலிருந்து திரும்பும்போது சில நாள் அவளைப் பார்ப்பேன். தோழிகள் நடுவில் சிரித்துக்கொண்டிருப்பாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வாள். உங்களோடுதான் பேசவில்லை என்று நினைக்காதீர்கள். இந்த வீட்டிலும் "சரிம்மா", "ஆகட்டும்மா" தவிர வேறு வார்த்தை கிடையாது.

அவள் உங்களிடம் வேறு ஏதாவது சொன்னாளா? சொல்லவில்லையென்றால் நீங்களாகக் கிண்ட வேண்டாம்.

மிளகின் அம்மா

*

பிப்ரவரி 23

மிளகின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி. லிஃப்ட் பழுது பார்க்க எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அந்தத் தெருவில் பபிள் டீ கடை இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். என்னோடு வேலை செய்கிறவனைத் தெரியுமே, ஒட்டடைக்குச்சி? அவன் சொல்கிறான், "அண்ணே, இந்த ஊர்ல டீக்கடையவிட பபிள் டீ கடைதான் ஜாஸ்தி. நீங்க எல்லாத்தையும் குடிச்சு முடிக்கறதுக்குள்ள பொண்ணுக்குப் பேரன் பொறந்துடுவான்."

அவனும் நானும் சினிமா தியேட்டருக்குப் பக்கத்துக் கடைக்கு முதலில் போனோம். முத்தைக் கடித்தேன். பல்லுக்கும் முத்துக்கும் நடந்த சண்டையில் முத்து ஜெயித்தது. லிஃப்ட் மோட்டாருக்கு அடியில் அதிராமல் இருக்க ரப்பர் வைப்போம், அதை இதைவிடச் சுலபமாகக் கடிக்கலாம். அடுத்தது பெரிய வணிக வளாகத்தின் மேல்மாடியில். காது கிழிகிற பாட்டு, மூங்கில் மாதிரி அலங்காரம், பரிமாறுகிற பெண் தலையில் பூனைக்காது. எட்டிப் பார்த்தேன், நீ சொன்ன மாதிரியே டப்பா மாவு. ஊதா நிறத்தில் ஒன்று கொடுத்தாள். சோப்புத் தண்ணீரில் சர்க்கரை போட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை, இருந்திருந்தால் அது தீர்ந்திருக்கும்.

ஸ்டேஷனுக்குப் பின்பக்கச் சந்தில் ஒரு அம்மா பெரிய பாத்திரத்தில் முத்து வேகவைத்துக்கொண்டிருந்தார். கரண்டியால் கிளறுகிற விதத்திலேயே தெரிந்தது, வேலை தெரிந்தவர். "அடிபிடிச்சா போச்சு, கைய எடுக்கக் கூடாது" என்றார். டீயும் நிஜமான டீ. சனிக்கிழமை மிளகை அங்கே கூட்டிப் போனேன். பாதி இனிப்பு, ஐஸ் கம்மி என்று நான் சொன்னதும் திரும்பி என்னைப் பார்த்தாள். "யாரு சொன்னா?" என்றாள். "எனக்குத் தெரியாதா?" என்றேன். நம்பவில்லை. உன் கை இதில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள்.

குடித்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்படிடா இருக்கு?"

"பரவால்ல."

"பரவால்லன்னா?"

"முத்து ஓகே. டீ கொஞ்சம் கசக்குது. வேற கடை இருக்கும்பா, தேடலாம்."

தேடலாம் என்றாள், கவனித்தாயா? தேடுங்க என்று சொல்லவில்லை. இந்த வயதில் எனக்கு ஒரு எழுத்துக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ரயிலேறும்போது ஏதோ சொல்ல வந்த மாதிரி வாசலில் நின்றாள். "என்னடா?" என்றேன். "ஒண்ணுமில்ல, அடுத்த வாட்டி சொல்றேன்" என்றாள். எந்தக் கடை என்றுதான் இருக்கும்.

மிளகின் அப்பா

*

மார்ச் 10

மிளகின் அப்பாவுக்கு,

இந்த முறை அவள் திரும்பி வந்ததும் வராததுமாக என்னிடம் சொன்ன ஒரே செய்தி, "அப்பா தனக்கு ஒண்ணு வாங்கிக் குடிக்கறாரு, நான் மிச்சம் வைக்கறதையும் குடிக்கறாரு." உங்கள் உடம்பில் ஏற்கெனவே சர்க்கரை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. என் வார்டில் ஊசியும் குழாயுமாகப் படுத்திருக்கிறவர்களில் பாதிப் பேர் 'கொஞ்சம்தானே சிஸ்டர்' என்று சொன்னவர்கள்தான். வாயில் வைத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுங்கள். தேடுவதற்குக் குடிக்க வேண்டியதில்லை.

இதற்கு மேல் எழுதப்போவதை உட்கார்ந்து படியுங்கள்.

அவள் சொல்லிவிடுவாள், சொல்லிவிடுவாள் என்று நானும் காத்திருந்தேன். நீங்கள் எழுதுகிற குதூகலத்தைப் பார்த்தால் அவள் சொல்லவில்லை என்று தெரிகிறது. எனக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி, இதே டயாலிசிஸ் வேலைதான். ஜனவரியிலேயே உறுதியாகிவிட்டது. அவள் பள்ளி ஆண்டு முடிந்ததும் ஜூனில் கிளம்ப வேண்டும். அவளையும் அழைத்துப் போகத்தான் இந்த வேலைக்கே சம்மதித்தேன். வயது வராத பெண் என்பதால் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும். சம்மதத் தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு எழுதப் பேனாவை எடுத்தபோது அவள்தான் தடுத்தாள். "நீங்க எழுதாதீங்கம்மா. அப்பா தனியா உக்காந்து அத படிப்பாரு. நானே பக்கத்துல இருந்து சொல்றேன்" என்றாள். அதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ரயிலேற்றும்போது "இன்னிக்கு சொல்லிடுவல்ல?" என்று கேட்டேன். "சொல்லிடுவேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வந்து இறங்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

அந்தப் பிள்ளை இத்தனை நாள் உங்கள் எதிரில் வாயைத் திறக்காமல் இருந்தது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வாயைத் திறந்தால் எது முதலில் வெளியே வரும் என்று பயந்திருக்கிறது.

மிளகின் அம்மா

*

மார்ச் 14

ஒரு சின்னப் பெண்ணின் தலையில் அம்மிக்கல்லை ஏற்றி ரயிலில் அனுப்பியிருக்கிறாய். இறக்கிவைக்கத் தெரியாமல் அது என் வீட்டு ஜன்னலோரம் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. நான் முட்டாள், அதற்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு முத்து மெத்தென்று இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாதத்துக்கு நாலு நாள் எனக்கு இருக்கிறது. அதையும் கடலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகப் போகிறாய். அதற்கு நானே கையெழுத்தும் போட வேண்டும். நன்றாக இருக்கிறது கதை.

போட மாட்டேன்.

*

மார்ச் 24

மிளகின் அப்பாவுக்கு,

போன சனிக்கிழமை அவளுக்கு ஜுரம் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். ஜுரம் இல்லை. 'போகட்டுமா' என்றும் கேட்கவில்லை, 'போகல' என்றும் சொல்லவில்லை. ரயில் நேரம் தாண்டுகிறவரை பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போட்டதையே திருப்பித் திருப்பிப் போட்டாள். நானும் கூப்பிடவில்லை.

நீங்கள் மறுத்துவிட்டீர்கள் என்று அவளிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாளா, அழுவாளா என்று பார்த்தேன். இரண்டும் இல்லை. "சரிம்மா" என்றாள். "உனக்கு என்ன வேணும், அதச் சொல்லு" என்று கேட்டேன். அப்போதுதான் கத்தினாள். இத்தனை வருஷத்தில் அவள் கத்தி நான் கேட்டதில்லை. "எங்கிட்ட மட்டும் யாரும் கேக்காதீங்க!" என்று கத்திவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள்.

உங்களுக்கு மாதத்தில் நாலு நாள். எனக்கு மீதி எல்லா நாளும். அந்த எல்லா நாளிலும் நான் வீட்டில் எத்தனை நேரம் இருக்கிறேன் என்று நீங்கள் யோசித்ததுண்டா? ஒருத்தருக்கு ஊசி எடுத்தால் அடுத்தவருக்குக் குத்த வேண்டும். யாராவது லீவு போட்டால் அவர்கள் முறையும் எனக்கு. வீட்டுக்கு வந்தால் அவள் தானே சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, எனக்கு மூடி வைத்துவிட்டுத் தூங்கியிருப்பாள். அங்கே போனால் பகல் வேலை மட்டும்தான். என் பெண் விழித்திருக்கும்போது நான் வீட்டில் இருக்க வேண்டும் என்றுதான் போகிறேன். உங்களிடமிருந்து அவளைப் பிடுங்குவதற்கு இல்லை. நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன்.

நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் நான் போக மாட்டேன். அவளை விட்டுவிட்டுப் போகிறவள் இல்லை. கோர்ட்டுக்கும் போக மாட்டேன், ஒரு தடவை அந்தப் படி ஏறினது போதும். முடிவை உங்கள் கையில் விட்டுவிட்டேன். பழிபோட ஆள் வேண்டும் என்பதற்காக விடவில்லை. என்னால் முடியவில்லை.

வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை அனுப்புகிறேன். திட்டாமல் இருங்கள்.

மிளகின் அம்மா

*

ஏப்ரல் 6

மிளகின் அம்மாவுக்கு,

திட்டவில்லை.

ரயிலிலிருந்து இறங்கியதும் என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பையை அவளாகவே என்னிடம் நீட்டினாள். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். வீட்டுக்குப் போக எனக்கு மனமில்லை. அந்த ஜன்னலோரத்தில் அவள் மறுபடி போய் உட்கார்ந்தால் என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

போன வாரம் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்துக்கு லிஃப்ட் பார்க்கப் போயிருந்தேன். கீழ்த்தளத்தில் சாவி செய்கிற கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே இடுக்கில் ஒரு பபிள் டீ கடை. பெயர்ப்பலகைகூடச் சரியாக இல்லை. புருஷன் டீ காய்ச்சுகிறான், பெண்டாட்டி முத்து வேகவைக்கிறாள், ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். உட்கார இரண்டு முக்காலி, அதுவும் சுவரைப் பார்த்து. நீ சொன்ன எல்லாப் பரீட்சையும் பண்ணிப் பார்த்துவிட்டேன். ஒரு வாய்தான் குடித்தேன், கவலைப்படாதே. அங்கே கூட்டிப் போனேன்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்தோம். பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் முகம் பார்க்க வேண்டியதில்லை. அது எங்கள் இரண்டு பேருக்கும் சௌகரியமாக இருந்தது.

பாதி கப் குடித்தாள். நானாகக் கேட்டேன். "நல்லா இல்லையா?"

"நல்லா இருக்குப்பா."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. அதான் பிரச்சன." ஸ்ட்ராவைக் கப்புக்குள் குத்திக்கொண்டே இருந்தாள். "ஸ்டேஷன் பின்னாடி அந்தம்மா கடையும் நல்லாதான் இருந்துச்சு. நான்தான் கசக்குதுன்னு சொன்னேன்."

"ஏண்டா?"

"நல்லா இருக்குன்னு சொல்லிட்டா தேடறது முடிஞ்சிடும். அப்புறம் நம்ம உக்காந்து என்ன பேசறது? அத சொல்ல வேண்டியதா ஆயிடும்."

அவ்வளவுதான். முத்து வேகவைத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். நான் அழுதேனா என்று எனக்குத் தெரியாது. அவள் அழுதாள். மூக்குச் சளியும் கண்ணீருமாக, சின்னப் பிள்ளையில் அழுவாளே, அப்படி. என் வேலைச் சட்டையில் கிரீஸ் இருந்தது, அதிலேயே துடைத்துக்கொண்டாள்.

யாரும் கேட்காதீங்க என்று அவள் கத்தியதை நீ எழுதியிருந்தும் கேட்டுவிட்டேன். பெற்ற மனசு உனக்கு மட்டும்தானா? "நீ சொல்லு மிளகு. போடாதீங்கன்னு நீ சொன்னா, எவன் வந்தாலும் போட மாட்டேன்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்படியே உன் ஜாடை. "போடுங்கன்னு நான் சொன்னா உங்கள விட்டுட்டு ஓடற மாதிரி. போடாதீங்கன்னு சொன்னா அம்மா கால கட்டிப் போடற மாதிரி. ரெண்டுல எத சொன்னாலும் நான் பெரியவளானதுக்கப்புறம் எனக்கு என்னையே புடிக்காது. நீங்க ரெண்டு பேரும் பெரியவங்கதானே? நீங்களே எதையாவது பண்ணித் தொலைங்க."

லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் மேலேயோ கீழேயோ ஏதாவது ஒரு தளத்துக்குக் கையால் சுற்றியாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவோம். எந்தத் தளம் என்று உள்ளே இருப்பவர்களைக் கேட்க மாட்டோம். எது பக்கமோ அது.

கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு இன்னும் உன்மேல் ஆத்திரம்தான். அவளை யாரும் கேட்காமல் இருக்க வேண்டும் என்றால் நம்மில் ஒருவர் வாயை மூட வேண்டும். இந்தத் தடவை நான் மூடிக்கொண்டேன்.

மிளகின் அப்பா

*

ஏப்ரல் 15

மிளகின் அப்பாவுக்கு,

வந்து சேர்ந்தது. என்ன எழுதுவதென்று தெரியாமல் நாலைந்து தாள் கிழித்துவிட்டேன். நன்றி என்று எழுதினால் நீங்கள் என்னவோ பொருள் கொடுத்த மாதிரி இருக்கிறது.

ஜூன் இரண்டாம் வாரம் கிளம்புகிறோம். அதுவரை எல்லா வாரமும் அனுப்புகிறேன், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்கிற கணக்கு வேண்டாம். விமான நிலையத்துக்கு நீங்கள் வர வேண்டும் என்றுதான் நான் நினைத்தேன். அவளிடம் சொன்னேன். "வேண்டாம்னு சொல்லிடுங்கம்மா. அங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிப்பாரு. கைய ஆட்டுவாரு. நான் உள்ள போக மாட்டேன்" என்கிறாள். ஸ்டேஷனிலேயே விடை கொடுத்துவிடுங்கள், வழக்கம்போல. அவள் அடுத்த வாரம் வருகிற மாதிரியே ஏற வேண்டுமாம்.

எனக்கு இதை எழுதக் கை வரவில்லை. ஆனால் அவள் சொல்லச் சொன்னாள்.

மிளகின் அம்மா

*

ஆகஸ்ட் 30

மிளகின் அப்பாவுக்கு,

வீடு பரவாயில்லை. ஆறாவது மாடி. லிஃப்ட் ஏறும்போது நின்று நின்று ஏறுகிறது, நீங்கள் பார்த்தால் திட்டுவீர்கள். எனக்குப் பகல் வேலைதான், சொன்னபடியே கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் வீட்டில் இருக்கிறேன். அவளும் இருக்கிறாள். ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் அவள் என்னோடு பேசவில்லை.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தால்கூட ஏதாவது செய்யலாம். மரியாதையாக இருக்கிறாள். கேட்டதற்குப் பதில், சொன்னதற்கு வேலை. வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியிருக்கிற பெண் மாதிரி. பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிக்கிறாளாம். தனியாகச் சாப்பிடுகிறாளாம், ஆசிரியை சொன்னார்.

இங்கே பபிள் டீ கடை தடுக்கி விழுந்தால் ஒன்று. முதல் வாரம் அவளைக் கூப்பிட்டேன். "வேணாம்மா, எனக்கு இப்பல்லாம் அது புடிக்கறதில்ல" என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை வற்புறுத்திக் கூட்டிப் போனேன். பாதி இனிப்பு, ஐஸ் கம்மி என்று நான்தான் சொன்னேன். வாங்கி மேஜையில் வைத்தாள். ஸ்ட்ராவைக் குத்தவேயில்லை. ஐஸ் கரைந்து கப்புக்கு வெளியே வேர்த்து, மேஜையில் தண்ணீர் வட்டமாகத் தேங்குகிறவரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு "போலாமா?" என்றாள்.

ஊசி எங்கே போகும், எங்கே போகாது என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன். கண்ணுக்குத் தெரியாத ரத்தக் குழாயைக்கூட விரலால் கண்டுபிடிப்பேன். என் பெண்ணிடம் எங்கே தொடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். அந்தக் கடைகளில் உட்கார்ந்து நீங்கள் இரண்டு பேரும் என்னதான் பேசிக்கொண்டீர்கள்?

மிளகின் அம்மா

*

செப்டம்பர் 12

மிளகின் அம்மாவுக்கு,

ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? முத்து வேகவில்லை என்பேன், ஆமாம் என்பாள். டீ தண்ணியாக இருக்கிறது என்பாள், ஆமாம் என்பேன். பாதி நேரம் தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்போம். எனக்கு ஏதோ சூட்சுமம் தெரியும் என்று நினைத்துக் கேட்கிறாய். தெரிந்தால் உனக்குச் சொல்ல மாட்டேனா? நீ அவள் எதிரில் உட்கார்ந்திரு. எழுந்து போகாதே. இதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. இதுவும் பலிக்கும் என்று சொல்ல முடியாது.

எனக்கு அவள் சனிக்கிழமைகளில் போன் செய்கிறாள், உனக்குத் தெரியும். "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். இந்தப் பேச்சுக்கு எதற்குப் போன், தந்தி கொடுத்தால் போதும் என்று ஒட்டடைக்குச்சிகூடக் கேலி செய்வான்.

நேற்று வெள்ளிக்கிழமை. நேரம் கெட்ட நேரத்தில் அவளிடமிருந்து போன் வந்தது. அங்கே பள்ளிக்கூட நேரமாக இருந்திருக்க வேண்டும். நான் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் லிஃப்டுக்கு அடியிலிருக்கிற குழிக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கே சிக்னல் வருவதே அபூர்வம். எப்படியோ மணி அடித்தது. கையெல்லாம் கிரீஸ், முழங்கையால் பட்டனை அழுத்தினேன்.

"அப்பா" என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"சொல்லுடா."

"வேலையா இருக்கீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ சொல்லு."

"அப்பா, நான் ஒண்ணு சொல்லணும். நீங்க அம்மாகிட்ட…" என்றாள்.

அதோடு போய்விட்டது. குழிக்குள் சிக்னல் செத்துப்போனது. ஏணியில் எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை, முட்டியில் அடிபட்டு ரத்தம் வந்ததையே வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். வெளியே ஓடி வந்து கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. குழிக்குள் இருந்தேன், லைன் போய்விட்டது என்று எழுதி அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று காட்டுகிறது. பதில் இல்லை, நான் சொன்னதை நம்பினாளா என்று தெரியவில்லை. இன்று சனிக்கிழமை. நாள் பூராவும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். கூப்பிடவில்லை.

இத்தனை மாதம் கழித்து அவளாக வாயைத் திறந்தாள். நான் இருந்த இடம் அப்படி.

ஆகையால் ஒரு உதவி. என்ன சொல்ல வந்தாய் என்று அவளைக் கேட்காதே. கேட்டால் மூடிக்கொள்வாள், அது நம் இரண்டு பேருக்கும் தெரியும். நான் எழுதினேன் என்றும் சொல்லாதே. சாப்பிடும்போதோ துணி மடிக்கும்போதோ, பேச்சோடு பேச்சாக, லிஃப்ட் குழிக்குள்ளே போன் எடுக்காது, அப்பா வேலை செய்கிற இடம் அப்படி என்று மட்டும் சொல்லிவை.

நான் வைக்கவில்லை. அதுவாக அறுந்துபோனது. அதை அவள் நம்பினால் போதும்.

மிளகின் அப்பா